அப்பாரு எழுதிய உயில் எங்கே?

"ஐயன் உயில் எழுதி வெச்சுட்டுத்தான் போயிருக்காரு. அதுல உனக்கு ஒண்ணும் இல்லை, கண்ணு."

அண்ணன் சொன்னார். தங்கை கேட்டுக்கொண்டாள். கருமாதி முடிந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷன் ஊருக்கு வண்டி ஏறினாள். அந்த உயிலை அவள் கண்ணால் பார்க்கவில்லை. காட்டு என்று கேட்கவும் இல்லை.

ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் கொங்கு நாட்டில் எத்தனையோ வீட்டுத் திண்ணைகளில் இந்தப் பேச்சு நடந்திருக்கும். அப்படிப்பட்ட ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். ஊர், பெருமாநல்லூர்ப் பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். யார் வீடு என்ற கேள்வி வேண்டாம்.

பெருமாநல்லூர் திருப்பூருக்கு வடக்கே, கோபி போகும் சாலையில் இருக்கிறது. சேலத்திலிருந்து கொச்சிக்குப் போகும் பெரிய சாலை அங்கே குறுக்கே வருகிறது. பங்குனியில் கொண்டத்துக் காளியம்மனுக்குக் குண்டம் இறங்கக் கூட்டம் நெரியும். ஒரு காலத்தில் சோளமும் கம்பும் விளைந்த காடுகளில் இன்று பனியன் கம்பெனிகள் நிற்கின்றன. கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்த கிணறு பல இடங்களில் சுற்றுச்சுவருக்குள் போய்விட்டது.

நாம் எண்ணிய வீட்டில் அந்தத் தங்கைக்கு இப்பொழுது வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அவருடைய அண்ணன் மகன் வழியில் வந்த பெண், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். குடும்பத்தின் கதையை ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அப்பாரு யார், அவருக்கு அப்பாரு யார், இந்த ஊருக்கு எப்பொழுது வந்தார்கள் என்று கேட்டுக்கேட்டு எழுதுகிறாள். எல்லோரும் ஒன்றைச் சொல்கிறார்கள். "பெரிய அப்பாரு உயில் எழுதி வெச்சாரு." பார்த்தவர் ஒருவரும் இல்லை.

"ஏனுங் பெரியாத்தா, அந்தக் காயிதத்தை நீங்க பாத்தீங்களா?"

"நா எங்க கண்ணு பாத்தேன்? அண்ணன் சொன்னாங்க, கேட்டுக்கிட்டேன். ஐயன் என்ன சொல்லி எழுதியிருக்காருன்னு ஒருக்கா காதுல கேட்டாப் போதும்."

கிழவிக்கு வேண்டியது காடு அல்ல. அப்பன் தன்னை மறந்தாரா, நினைத்தாரா என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அறுபது வருஷமாக உள்ளே கிடக்கும் கேள்வி அது.

வில்லங்கத்தில் வராது

கணக்கு எழுதும் பெண் கெட்டிக்காரி. முதலில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறாள். கிரயம் வருகிறது. அடமானம் வருகிறது. பாகப்பிரிவினை வருகிறது. உயில் வரவில்லை. "அப்படியானால் உயிலே இல்லை" என்று முடிவு கட்டிவிடுகிறாள்.

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள்.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் புத்தகங்கள் பல உண்டு. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறது. நிலம், வீடு சம்பந்தமான கிரயம், அடமானம், பாகம் எல்லாம் 1-ஆம் எண் புத்தகத்தில் ஏறும். வில்லங்கச் சான்று இந்தப் புத்தகத்தின் அட்டவணையைப் பார்த்துத்தான் கொடுக்கப்படுகிறது. உயில் ஏறுவது 3-ஆம் எண் புத்தகத்தில். அது தனிப் புத்தகம். அதற்கு அட்டவணையும் தனி. ஆகையால் நூறு வருஷத்துக்கு வில்லங்கம் போட்டாலும் உயில் அதில் தலைகாட்டாது.

1-ஆம் எண் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். 3-ஆம் எண் புத்தகம் அப்படி அல்ல. உயில் எழுதியவர் உயிரோடு இருக்கும் வரை அவருக்கோ, அவர் அனுப்பிய ஏஜெண்டுக்கோ மட்டுமே நகல் கிடைக்கும். பெண்டாட்டி கேட்டாலும் கிடையாது, பிள்ளை கேட்டாலும் கிடையாது. நியாயந்தானே! உயிரோடு இருக்கும் மனிதர் யாருக்கு என்ன எழுதினார் என்று தெரிந்துவிட்டால் அந்த வீட்டில் அடுத்த வேளை சோறு இறங்குமா?

அவர் கண்ணை மூடியதும் சட்டம் மாறிவிடுகிறது. பதிவுச் சட்டத்தின் 57-வது பிரிவு சொல்வது இதுதான்: உயில் எழுதியவர் இறந்த பிறகு, விண்ணப்பம் செய்யும் எவருக்கும் நகல் கொடுக்கப்பட வேண்டும். வாரிசாக இருக்க வேண்டும் என்று அதில் இல்லை. சொத்தில் பாத்தியம் இருக்க வேண்டும் என்றும் இல்லை.

ஒரு நிபந்தனை உண்டு. புத்தகத்தை நாமே புரட்டக் கூடாது. தேடுவது பதிவு அதிகாரியின் வேலை. நாம் மனுக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். தேடுவதற்கும் நகலுக்கும் கட்டணம் உண்டு. இறப்புச் சான்று கட்டாயம். அவர் இறந்துவிட்டார் என்று தெரிந்தால்தானே புத்தகம் திறக்கும்!

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. 3-ஆம் எண் அட்டவணையில் முதலில் எழுதியவர் பெயரும், உயிலை நிறைவேற்ற நியமிக்கப்பட்டவர் பெயரும் மட்டுமே இருக்கும். உயிலின்படி சொத்துப் பெறுகிறவர்கள் பெயர் எழுதியவர் இறந்த பிறகுதான் அதில் ஏற வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதுவரை அந்தப் பெயர்களுக்குத் திரை.

முத்திரை வைத்த உறை

பதிவு செய்யாமலே உயிலை சர்க்காரிடம் கொடுத்து வைக்கவும் வழி உண்டு. எழுதி, உறையில் போட்டு, முத்திரை வைத்து, மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்துவிடலாம். உறையின் மேல் எழுதியவர் பெயர் இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று பதிவாளருக்கே தெரியாது. இந்த வரவு 5-ஆம் எண் புத்தகத்தில் எழுதப்படும். உறை பெட்டகத்துக்குள் போய்விடும்.

அவர் இறந்த பிறகு யாராவது போய் மனுக் கொடுத்தால், மனுதாரர் எதிரிலேயே பதிவாளர் உறையைத் திறப்பார். மனுதாரர் செலவில் உயில் 3-ஆம் எண் புத்தகத்தில் எழுதப்படும். அசல் மறுபடியும் உள்ளே போய்விடும்.

யாரும் போகவில்லை என்றால்? மற்றப் பத்திரங்களை வாங்க ஆள் வராவிட்டால் இரண்டு ஆண்டுக்குப் பிறகு அழித்துவிடலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. உயிலை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. கேட்பார் இல்லாத உயிலும் காத்திருக்க வேண்டியதுதான்!

பெருமாநல்லூர்ப் பக்கத்துக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திருப்பூர் மாவட்டம் பிறந்தது 2009-ல். அதற்கு முன் இந்தப் பகுதி கோயமுத்தூர் மாவட்டம். அப்பாரு உறையைக் கொடுத்திருந்தால் கோயமுத்தூரில் கொடுத்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

எந்த ஆபீசில் தேடுவது?

கிரயப் பத்திரம் என்றால் நிலம் எந்த எல்லையில் இருக்கிறதோ அந்த ரிஜிஸ்தர் ஆபீசில்தான் பதிவாக வேண்டும் என்பது வெகுகாலம் இருந்த வழக்கம். உயிலுக்கு அந்தக் கட்டு இல்லை. எந்தச் சார்பதிவாளரிடமும் கொண்டுபோய்ப் பதியலாம். ஊரில் தெரிந்தால் வம்பு என்று, நாலு ஊர் தள்ளிப் போய்ப் பதிந்துவிட்டு, "சந்தைக்குப் போயிட்டு வந்தேன்" என்று சொன்ன பெரியவர்களும் இருந்திருக்கலாம். தேடுகிறவர்களுக்குப் பெரிய தலைவலி இதுதான்.

ஆகையால் வீட்டிலிருந்தே துப்புத் துலக்க வேண்டும்.

முதலில் பழைய பத்திரக் கட்டு. தகரப் பெட்டியிலோ, இரும்புப் பெட்டியிலோ, மஞ்சள் துணியில் முடிந்து உத்தரத்திலோ இருக்கும். கொங்கு நாட்டுப் பத்திரங்களில் சொத்து விவரம் "கோயமுத்தூர் ரி.டி., அவினாசி சப் ரி.டி." என்கிற மாதிரி தொடங்கும். ரி.டி. என்றால் பதிவு மாவட்டம், சப் ரி.டி. என்றால் சார்பதிவு எல்லை. அந்தக் குடும்பம் எந்த ஆபீசுக்குப் போய் வந்தது என்று இதில் தெரிந்துவிடும். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பழகிய ஆபீசுக்கே போவார்கள். தேடலை அங்கிருந்து தொடங்கலாம்.

பத்திரத்தின் முதுகையும் திருப்பிப் பாருங்கள். முத்திரைத்தாள் விற்றவர் பெயரும், விற்ற தேதியும், வாங்கியவர் பெயரும் அங்கே இருக்கும். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையே இல்லை. வெள்ளைத் தாளில், ஏன், நோட்டுப் புத்தகத் தாளில்கூட எழுதலாம். ஆனாலும் "முத்திரைத்தாளில் எழுதினால்தான் செல்லும்" என்று நினைத்து வாங்கியவர்கள் உண்டு.

இரண்டாவது, அப்பாரு இறந்த பிறகு பிள்ளைகள் செய்த பத்திரங்கள். விற்றாலும், பிரித்தாலும், அடமானம் வைத்தாலும், தங்களுக்கு அந்தச் சொத்து எப்படி வந்தது என்று தொடக்கத்தில் எழுதியாக வேண்டும். "எங்கள் தகப்பனார் இன்ன வருஷம், இன்ன தேதியில் எழுதி வைத்த உயில்படி" என்று ஒரு வரி அங்கே வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. சில பத்திரங்களில் உயிலின் பதிவு எண்ணே இருக்கும். அந்தப் பத்திரங்கள் வில்லங்கத்தில் வருபவை. உயில் அதில் வராவிட்டாலும், அதன் நிழல் வரும்.

மூன்றாவது, இறந்த தேதி. "பெரிய மழை பெஞ்ச வருஷம்", "உங்கப்பன் தவழ்ந்த வருஷம்" என்றால் அலுவலகத்தில் செல்லாது. அந்தக் காலத்தில் கிராம மணியகாரர்கள் பிறப்பு இறப்புக் கணக்கு எழுதினார்கள். மணியம், கர்ணம் என்ற பரம்பரை உத்தியோகங்கள் 1980-ல் ஒழிக்கப்பட்டன. கிராமங்களின் பழைய பிறப்பு இறப்புப் பதிவேடுகள் பல, சார்பதிவாளர் அலுவலகங்களில் இருக்கின்றன. பேத்தி தேடும் இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் இருக்கும்!

பெயர் ஒரு பெரிய சங்கடம். கொங்கு நாட்டில் பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள். ஒரே ஊரில், ஒரே பெயரில் ஐந்து பேர் இருப்பார்கள். தகப்பன் பெயர், குடியிருந்த சாளை அல்லது தோட்டத்தின் பெயர் எல்லாம் மனுவில் சேர்ந்தால்தான் ஆள் அகப்படுவார்.

நான்காவது, கடன். கிணறு வெட்டவும், மோட்டார் வைக்கவும் நிலத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கிய குடும்பங்கள் அநேகம். மூலப் பத்திரங்களோடு உயிலும் அங்கே போய், கடன் தீர்ந்த பிறகும் ஒருவரும் வாங்கி வராமல் விட்டிருக்கலாம்.

இவ்வளவும் செய்து, "அப்படி ஒரு பதிவு இல்லை" என்ற பதில் வந்தால்? உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் எப்பொழுதும் சொன்னதில்லை. இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டால் பதியாத உயிலும் உயில்தான். அது பெட்டியிலேயே இருந்திருக்கலாம். கரையானும் தின்றிருக்கலாம். சென்னை, பம்பாய், கல்கத்தா மாநகரங்களில் இந்துக்களின் உயில்கள் நீதிமன்றத்துக்குப் போய் மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. அதனால் அங்கே நீதிமன்றக் கட்டிலும் தேடலாம். கோயமுத்தூர்ச் சீமைக்கு அந்த விதி இருந்ததே இல்லை. வழக்கு நடந்திருந்தாலன்றி கோர்ட்டில் கிடைக்காது.

இன்னும் பழைய பாட்டனார் என்றால் தாளே இல்லாமலும் இருக்கலாம். 1927 ஜனவரி 1-க்கு முன், வெளியூர்களில் ஓர் இந்து வாயால் சொன்னதே உயிலாகச் செல்லும். கட்டிலைச் சுற்றி நாலு பேர் நிற்க, "மேகாடு பெரியவனுக்கு, கெணத்துக் காடு சின்னவனுக்கு" என்று சொல்லிக் கண்ணை மூடினால் அதுவே சாசனம். அந்தத் தேதிக்குப் பிறகுதான் எழுத்தும் சாட்சியும் கட்டாயம் ஆயின.

காடு வந்த கதை

சரி, நகல் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதில் என்ன இருக்கும்?

எல்லோரும் கடைசிப் பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். யாருக்கு எவ்வளவு என்ற பக்கம். குடும்பக் கதை தேடுகிறவர் முதல் பக்கத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். பழைய உயில்களில் இரண்டு சொற்கள் வரும். ஒன்று பிதுரார்ஜிதம், பாட்டன் பூட்டன் வழியாக வந்தது. மற்றொன்று சுயார்ஜிதம், தானே பாடுபட்டுச் சம்பாதித்தது. 1956 ஜூன் 17-க்கு முன், பிரியாத கூட்டுக் குடும்பச் சொத்தில் தன் பங்கை ஓர் இந்து உயில் எழுத முடியாது. தான் சம்பாதித்ததையோ, பிரித்து வாங்கியதையோதான் எழுதலாம். அதனால் எழுதுகிறவர் முதலில், "இது என்னுடையதுதான்" என்று நிலைநாட்ட வேண்டும். யாரிடமிருந்து, எந்த வருஷம், எவ்வளவு பணம் கொடுத்து வாங்கினேன். அந்தப் பணம் எப்படி வந்தது. அண்ணன் தம்பிகள் எப்பொழுது பிரிந்தோம். எல்லாம் வரிசையாக வரும். சட்டத்துக்குப் பயந்து எழுதியது. பேரப் பிள்ளைகளுக்கு அதுவே சரித்திரம்!

இரண்டாம் தாரம் இருந்தால் தெரியும். சின்ன வயதில் தவறிய பிள்ளை இருந்தால் தெரியும். தத்து எடுத்திருந்தால் தெரியும். கைமாற்று வாங்கிய கடன், கோவிலுக்கு நேர்ந்துகொண்ட கட்டளை, ஊரை விட்டுப் போன தம்பி, எல்லாம் அதில் தலை நீட்டும். குடும்பத்தில் யாரும் வாய் திறக்காத சங்கதி, முன்பின் அறியாத ஒரு குமாஸ்தாவின் கையெழுத்தில் இருக்கும். அக்காலத்தில் பத்திரங்களைப் புத்தகத்தில் கையால்தான் பார்த்து எழுதினார்கள்.

அப்புறம் கிணறு. பெருமாநல்லூர் மேட்டுப் பூமியில் ஏக்கரைவிடக் கிணறு பெரிது. கிணற்றில் யாருக்கு எத்தனை பாகம், எந்த நாள் யார் முறை, மோட்டார் யார் செலவு, வண்டித் தடம் யார் காட்டு வழியாக என்று நிலத்துக்கு எழுதியதைவிட நீளமாக எழுதியிருப்பார்கள். வேடிக்கை இல்லை. மின்சாரக் கட்டண உயர்வை எதிர்த்து உழவர்கள் நடத்திய போராட்டத்தில், 1970 ஜூன் 19-ஆம் தேதி இதே பெருமாநல்லூரில் போலீசார் சுட்டதில் மூன்று உழவர்கள் உயிர் விட்டார்கள். தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்கு அங்கே அவ்வளவு விலை.

உயில் ஒன்றுதான் என்று எண்ணிவிடக் கூடாது. மனம் மாறினால் ஒருவர் எத்தனை உயிலும் எழுதலாம். கடைசியாக எழுதியதே செல்லும். சொத்துக்குக் கடைசி உயில் போதும்; கதைக்கு எல்லா உயிலும் வேண்டும். முதல் உயிலில் இருந்த பெயர் இரண்டாவதில் இல்லை என்றால், நடுவில் என்ன நடந்தது?

ஆங்கில மகாகவி ஷேக்ஸ்பியர் 1616-ல் இறந்தார். அவருடைய உயிலின் பிரதியை ஒரு பாதிரியார் 1747-ல்தான் கண்டெடுத்தார். மனைவிக்கு "இரண்டாவது நல்ல கட்டிலை" விட்டுப் போவதாக அதில் ஒரு வரி. அன்பால் எழுதினாரா, வெறுப்பால் எழுதினாரா என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். ஒரு கட்டிலுக்கு இந்தப் பாடு!

பச்சையப்பர் எழுதியது

தமிழ்நாட்டில் பெயர் பெற்ற உயில் என்றால் பச்சையப்ப முதலியாருடையதுதான். தகப்பன் முகம் பாராமல் பிறந்த ஏழைப் பிள்ளை. நாராயண பிள்ளை என்பவரின் ஆதரவில் வளர்ந்து, துபாஷ் வேலை பார்த்துப் பெரும் பொருள் சேர்த்தார். 1794 மார்ச்சில் தர்மங்களுக்காக உயில் எழுதினார். அதே மாதக் கடைசியில் திருவையாற்றில் காலமானார். வயது நாற்பதுதான்.

அந்தத் தர்மம் உடனே நடந்ததா? இல்லை. வீட்டுக்குள் தகராறு, அப்புறம் வழக்கு. உயில் எழுதியவர் போய் ஒரு தலைமுறையும் போய்விட்டது. கடைசியில் சர்க்காரின் அட்வகேட் ஜெனரலே தலையிட்டு, சென்னை சுப்ரீம் கோர்ட்டு வழியாகத் தர்மப் பணம் மீட்கப்பட்டது. வட்டியோடு அது லட்சக்கணக்கில் வளர்ந்திருந்தது. கோவில் கைங்கரியங்களுக்குப் போக மிஞ்சியதைக் கல்விக்குச் செலவிட ஏற்பாடாயிற்று. 1842-ல் பள்ளிக்கூடம் திறந்தார்கள். அது 1889-ல் கல்லூரி ஆயிற்று. கணித மேதை ராமானுஜனும், முதலமைச்சராக விளங்கிய அண்ணாவும் அங்கே படித்தவர்கள்.

எழுதியதற்கும் பள்ளிக்கூடம் திறந்ததற்கும் இடையே 48 ஆண்டுகள்! அவ்வளவு காலத்துக்குப் பிறகும் அவர் நினைத்தது இன்னது என்று சொல்ல அந்தத் தாள் இருந்தது. பச்சையப்பர் வீட்டு வழக்கைச் சர்க்கார் நடத்தியது. பெருமாநல்லூர்க் கிழவிக்கு யார் நடத்துவார்கள்?

பெருவிரல் ரேகை

கணக்கு எழுதும் பெண்ணிடம் திரும்புவோம். வில்லங்கத்தை அவள் மறுபடி எடுத்துப் பார்க்கிறாள். முன்பு கண்ணில் படாத ஒரு வரி இப்பொழுது படுகிறது. அப்பாரு இறந்த மறு வருஷம் ஒரு விடுதலைப் பத்திரம். எழுதிக் கொடுத்தவர் பெரியாத்தா. எழுதி வாங்கியவர்கள் அவருடைய அண்ணன்மார்.

விடுதலைப் பத்திரம் என்றால், "இந்தச் சொத்தில் எனக்குள்ள பாத்தியத்தை விட்டுக் கொடுத்தேன்" என்பது. கொங்கு நாட்டில் கட்டிக் கொடுத்த பெண்களை அழைத்து வந்து, விருந்து போட்டு, சேலை வைத்துக் கொடுத்து, கையெழுத்து வாங்குவது நெடுநாள் வழக்கம்.

பெரியாத்தாவுக்கு நினைவு இருக்கிறது. "ஆமா கண்ணு, வண்டி கட்டிக் கூட்டிட்டுப் போனாங்க. மை தடவி வெரலை வெக்கச் சொன்னாங்க. வெச்சேன்."

இப்பொழுது ஒரு கேள்வி எழுகிறது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956 ஜூன் 17-ல் வந்தது. அதற்குப் பிறகு ஒரு தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய சொந்தச் சொத்தில் மகனுக்கு உள்ளதுபோல மகளுக்கும் பங்கு உண்டு. கூட்டுக் குடும்பச் சொத்திலும் அவருக்குச் சேர வேண்டிய பாகத்தில் மகளுக்குப் பங்கு உண்டு. உயில் எழுதியிருந்தால் உயில்படி. தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுவதும் 2005-லும் வந்த திருத்தங்கள் மகளைப் பிறப்பாலேயே பங்காளி ஆக்கின. அவை பின்னால் வந்தவை. நம் வீட்டு அப்பாரு 1960-களில் போனவர் என்று கொள்வோம்.

அவர் எல்லாவற்றையும் பிள்ளைகளுக்கே உயில் எழுதியிருந்தால், மகளிடம் விடுதலை வாங்குவானேன்? பாத்தியம் இல்லாதவளிடம் எதை விடச் சொன்னார்கள்?

இதற்கு இரண்டு பதில் இருக்க முடியும். உயில் உண்டு, ஆனாலும் பிற்காலத்தில் வம்பு வேண்டாம் என்று பத்திர எழுத்தர் யோசனை சொல்லி விடுதலையும் வாங்கியிருக்கலாம். அல்லது உயிலே இல்லாமல் இருக்கலாம். "ஐயன் எழுதி வெச்சுட்டாரு" என்பது திண்ணையில் பிறந்த உயிலாக இருக்கலாம்.

விடுதலைப் பத்திரம் 1-ஆம் எண் புத்தகத்தில் இருக்கிறது. அதன் நகலை முதலில் வாங்க வேண்டும். அதில் உயிலைப் பற்றி ஒரு வரி இருந்தால் தேதி கிடைக்கும். அந்தத் தேதியை வைத்து 3-ஆம் எண் புத்தகத்தில் தேடச் சொல்லலாம். உயில் என்ற சொல்லே அதில் இல்லாமல், "தகப்பனார் இறந்தபின் வாரிசுப்படி எனக்குக் கிடைத்த பாகத்தை" என்று எழுதியிருந்தால், அறுபது வருஷத்துக் கதை வேறு விதமாகப் படிக்கப்பட வேண்டும்.

இதைக் கேட்டதும் வீட்டில் சிலருக்கு வயிறு கலங்கும். நிலத்தின் விலை அன்றைக்கு ஒன்று, இன்றைக்கு ஒன்று அல்லவா? நகல் வாங்குவது வேறு, வழக்குப் போடுவது வேறு. பழைய உயிலைக் கோர்ட்டில் மெய்ப்பிப்பது லேசான காரியமும் இல்லை. முப்பது வருஷத்துப் பழைய பத்திரம் என்றால் உண்மை என்று கொள்ளும் விதி உண்டு. அது உயிலுக்குப் பொருந்தாது என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. சாட்சி போட்டவர்கள் போய்ச் சேர்ந்திருப்பார்கள். விரலை வைத்த விடுதலைப் பத்திரத்தை அசைப்பதும் கடினம். அதெல்லாம் வக்கீல் பார்க்க வேண்டிய காரியம்.

பெரியாத்தா கேட்டது அதுவல்ல. "ஐயன் என்ன சொல்லி எழுதியிருக்காரு" என்றுதான் கேட்டார். அந்தக் காலத்து உயில்களில் மகளைப் பற்றி வரும் வாசகம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: நகை போட்டு, சீர் செய்து, கட்டிக் கொடுத்தாகிவிட்டது, ஆகையால் பாத்தியம் இல்லை. சிலர் அதோடு நிறுத்துவார்கள். சிலர் ஆடிக்கும் தீபாவளிக்கும் அண்ணன்மார் அழைத்துச் சீர் செய்ய வேண்டும் என்று எழுதுவார்கள். வாழாமல் திரும்பி வந்தால் இந்தச் சாளையில் குடியிருந்து, இந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து, இருக்கும் வரை இருந்துகொள்ளலாம் என்று எழுதியவர்களும் உண்டு. எந்தப் பெரியவர் எந்த வகை என்பது நகலைப் படித்தால்தான் தெரியும்.

அடுத்த திங்கட்கிழமை பேத்தி கம்பெனியில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். இறப்புச் சான்று, பழைய பத்திரம் ஒன்று, அப்பாருவின் தகப்பன் பெயர், தோட்டத்தின் பெயர், தேட வேண்டிய வருஷங்கள். கூடப் பெரியாத்தாவையும் அழைத்துப் போகலாம். மனுவை அவரே கொடுக்கலாம். கையெழுத்துத் தெரியாவிட்டால் பெருவிரல் ரேகை வைக்கலாம். அன்றைக்கு வைத்த அதே விரல்தான். அண்ணன் தம்பிகளோ, அவர்கள் பிள்ளைகளோ, யாருடைய சம்மதக் கையெழுத்தும் அந்த மனுவுக்கு வேண்டியதில்லை.